வெட்டிக் கொடுத்த மாத்திரை அட்டை

இந்தத் தடவை ஊரில் இருந்த ஐந்து வாரத்தில் பாதி நாள், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தேன். அண்ணன் மகள் சடங்குக்காக இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து போனவள் நான். வந்த சொந்தக்காரர்கள் சடங்கான பிள்ளையைப் பார்த்ததைவிட என் காலைப் பார்த்ததுதான் அதிகம்.

ஆரம்பம் என் புத்தியால் வந்தது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி ரயில். கழிவறைக்குப் போக மனம் வராமல் தண்ணீரே குடிக்காமல் வந்தேன். மறுநாளே நீர்க்கடுப்பு. தெருமுனை மெடிக்கலில் சொன்னதும் பையன் ஒரு அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் ஆறு மாத்திரையை வெட்டி, காகிதக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதிக் கொடுத்தான். "மூணு நாள் போடுங்கக்கா, சரியாயிரும்." சீட்டு கேட்கவில்லை, பில்லும் கிடையாது. ஒரு நிமிஷ வேலை. சரியாகவும் ஆகிவிட்டது. ஊர் ஊர்தான் என்று அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஆறு நாள் கழித்து, மாத்திரையையே மறந்துவிட்ட நேரத்தில், இரண்டு கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று நினைத்தேன். அம்மா சூடு என்றாள், அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். மறுநாள் முழங்கால் வரை ஏறிவிட்டது. தடவினால் கடுகு ஒட்டியதுபோல மேடாகத் தட்டுப்பட்டது. இங்கிலாந்தில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் ஒரு சோதனை சொல்லித்தருவார்கள்: மூளைக்காய்ச்சல் பயம் வந்தால் புள்ளி மேல் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார், நிறம் மறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர் டம்ளர். கடைசியில் ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அழுத்திப் பார்த்தேன். மறையவே இல்லை. அதாவது ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்துவிட்டது.

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். பூச்சிக்கடி அலர்ஜி என்று ஒரு ஊசி, ஒரு களிம்பு. உள்ளே இருந்தது இரண்டு நிமிஷம், கட்டணம் நானூறு ரூபாய். வேறு என்ன மருந்து சாப்பிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அண்ணன் வற்புறுத்தி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். காலையில் ஓ.பி. சீட்டு போட்டு, மதியத்துக்குள் தோல் பிரிவில் பார்த்து, சோதனைக்குத் தோல் துணுக்கு எடுக்கும் பயாப்சியும் முடிந்தது. எனக்குச் செலவு ஆட்டோவுக்கு மட்டும். அங்கே இருந்த டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே, "ரெண்டு வாரத்துல என்னென்ன மாத்திரை போட்டீங்கம்மா?" என்பதுதான்.

காலி அட்டை கைப்பையில் அந்தக் கவரோடு கிடந்தது. கத்தரி போன இடத்தில் பெயரின் தலை போய்விட்டது, மாத்திரையைப் பிதுக்கிய இடத்தில் நடுப்பகுதி கிழிந்திருந்தது. மிஞ்சியது 'சோல்' மட்டும். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஒமிப்ரசோலும் சோல்தான், மெட்ரோனிடசோலும் சோல்தான், ஃப்ளுகோனசோலும் சோல்தான். எதும்மா?" அண்ணன் பைக்கில் போய்க் கடைப் பையனைக் கேட்டுவிட்டு வந்தான். கோட்ரைமாக்சசோல். சல்ஃபா வகை சேர்ந்த கிருமிக்கொல்லி மருந்து.

அதற்குப் பிறகு எல்லாம் விளங்கியது. சிலருக்கு மருந்துக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள், மருந்தோடு சேர்ந்து சின்ன ரத்தக் குழாய்களின் சுவரில் போய்ப் படிகிறது. அதைத் தின்ன வரும் வெள்ளை அணுக்கள் அங்கேயே உடைந்து, சுவரையும் புண்ணாக்கிவிடுகின்றன. வாஸ்குலைட்டிஸ் என்பது இதுதான். மருந்து தொடங்கி ஏழு முதல் பத்து நாளில் வருவது வழக்கம், அதனால்தான் மாத்திரை முடிந்தபின் வந்து ஏமாற்றுகிறது. நின்றால் நடந்தால் ரத்தம் கீழே தேங்குவதால் காலில் முதலில் தெரியும். பென்சிலின் வகை, யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோப்யூரினால், வலிப்புக்கான ஃபெனிடாயின் என்று பல மருந்துகளால் இது வரலாம்.

பயாப்சி நான் பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போக ஒரு ஊசி, நாலு மில்லிமீட்டர் வட்டக் கத்தி, ஒரு தையல். பழைய புள்ளியில் எடுத்தால் பிரயோஜனம் இல்லையாம், அன்று காலை வந்த புதுப் புள்ளியாகத் தேடி எடுத்தார்கள். தோலைவிட அவர்கள் கவலைப்பட்டது சிறுநீரகத்தைப் பற்றி. யூரினில் ரத்தமோ புரதமோ போகிறதா என்று வாரா வாரம் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் போகவில்லை. அதனால் ஸ்டீராய்டு மாத்திரையும் வேண்டியிருக்கவில்லை. ஓய்வும் அரிப்புக்கு ஒரு மாத்திரையும்தான். மூன்று வாரத்தில் புள்ளிகள் காபிக் கறைபோல ஆகி மங்கின.

டாக்டரம்மா, மருந்தால் வந்த கெடுதலைப் பதியும் படிவம் ஒன்றையும் நிரப்பினார். பிரிட்டனில் மஞ்சள் அட்டை என்று 1964 முதல் இருப்பதைப் போன்றது. நோயாளியே பதியவும் இந்தியாவில் இலவச எண் உண்டு: 1800-180-3024. இத்தனை வருஷம் ஊருக்கு வந்துபோகிறேன், இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் என் டாக்டர் சல்ஃபா ஆகாது என்று கணினியில் ஏற்றிவிட்டார். நியாயமாகச் சொன்னால், நீர்க்கடுப்புக்கு டாக்டரைப் பார்க்காமல் மருந்துக் கடையிலேயே ஆன்டிபயாடிக் வாங்கும் வசதி இங்கிலாந்திலும் 2024 ஜனவரியில் வந்துவிட்டது. ஆனால் என்ன ஒவ்வாது, வேறு என்ன சாப்பிடுகிறாய் என்று உட்காரவைத்துக் கேட்டு, பெட்டி மேல் மருந்தின் பெயரையும் உன் பெயரையும் ஒட்டித்தான் தருவார்கள்.

போன வாரம் அம்மா போனில் சொன்னாள்: "ஏட்டி, அந்த மெடிக்கல்காரப் பயலை உங்க அண்ணன் சத்தம் போட்டான்லா, இப்ப அட்டையை வெட்டுறதே இல்ல. எனக்கு ரெண்டு மாத்திரை போதும்னாலும் பத்துக்கும் காசு வாங்குதான்."