டூ வீல் கமாண்டருக்கு ஃபோர் வீல் ஏத்தி இத்தனை வருசம் ஓட்டுனதுல தெரிஞ்சது

போடிக்காரங்க நிறையப் பேருக்கு ஏலக்காய்த் தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியிலதான். போடியிலேருந்து மலை உச்சியில இருக்குற போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு, ஆனா அது தார் ரோடு, எந்த வண்டியும் ஏறிடும். சிக்கலே பூப்பாறை தாண்டி மெயின் ரோட்டை விட்டு தோட்டத்துக்குள்ள எறங்குற செம்மண் ரோடுலதான். ஜூன்ல மழை பிடிச்சா ஆகஸ்ட் வரைக்கும் விடாது, அப்புறம் ஐப்பசி மழை வேற, காய் எடுக்குற சீசனும் இந்த மழைக்குள்ளதான் வரும். பச்சைக் காயை அன்னைக்கே காய வைக்கிற ஸ்டோர்ல சேர்க்கணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு மூட்டையில வச்சிருக்க முடியாது.

எங்க வீட்ல இருந்தது மஹிந்திரா கமாண்டர் ஜீப், டூ வீல், அதாவது என்ஜின் இழுவை பின் சக்கரம் ரெண்டுக்கு மட்டும்தான் போகும், ஃபோர் வீல்னா நாலுக்கும் போகும். அப்பா காலத்து வண்டி, சேசிஸ் துரு இல்லாம கெட்டியா இருக்கும், என்ஜின் வேலையும் அப்பத்தான் பண்ணியிருந்தோம். 2016-ல புது மஹிந்திரா தார் ஜீப் விலை நம்ம கைக்கு எட்டல, எட்டியிருந்தாலும் பத்து ஆளும் மூட்டையும் அதுல எங்க ஏத்துறது. அதனால இருக்குற வண்டிக்கே ஃபோர் வீல் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணோம்.

பொலிரோ வச்சிருக்கவங்க நிறையப் பேரு இதையே கேக்குறாங்க. பொலிரோ டூ வீல்ல முன்னாடி ரெண்டு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன், அதுல ஃபோர் வீல் ஏத்துறது வேற கதை, அதுக்கு வித்துட்டு கம்பெனியே ஃபோர் வீலா விட்ட வண்டியைத் தேடி வாங்கிடலாம். கமாண்டர்ல முன்னாடியும் பின்னாடியும் பட்டை ஸ்பிரிங்தான், முன் ஆக்ஸில் வெறும் கட்டை மாதிரி. அதைக் கழட்டிட்டு டிஃபரன்ஷியல் (இழுவையை ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்குற பல்சக்கரப் பெட்டி) உள்ள ஆக்ஸிலை அதே பட்டையில உக்கார வச்சிடலாம்.

இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சு விடுற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் வாங்கி கியர் பாக்ஸுக்குப் பின்னாடி மாட்டிட்டா போதும்னு சிலபேரு நினைக்கிறாங்க, அது ஆகாது. டூ வீல் பாக்ஸோட பின் பக்கமே வேற, மெயின் ஷாஃப்டும் வேற. பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபரும் சேர்ந்த செட்டாத்தான் வாங்கணும், நம்ம என்ஜினோட பெல் ஹவுசிங்ல (என்ஜினும் பாக்ஸும் சேர்ற கூடு) அது உக்காருதான்னும் பாக்கணும். பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப் வழியா வந்த டானா 18 டைப் ட்ரான்ஸ்ஃபர்னா முன்னுக்குப் போற ஷாஃப்ட், பின்னுக்குப் போற ஷாஃப்ட் ரெண்டுமே நடுவுல வராம வலது ஓரமா வரும், அப்போ பின் டிஃபரன்ஷியலும் ஓரத்துல இருக்குற ஆக்ஸிலா இருக்கணும், நம்ம டூ வீலோட நடு ஆக்ஸில் ஒத்து வராது. இந்தத் தலைவலியே வேணாம்னு கோயம்புத்தூர்ல பிரிச்சுப் போட்டிருந்த ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப்போட பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர், ரெண்டு ஆக்ஸிலையும் மொத்தமா எடுத்துட்டோம்.

ஒரே வண்டியில கழட்டுனதுதானேன்னு அப்படியே மாட்டிடக் கூடாது. எங்க மெக்கானிக் அண்ணே ரெண்டு ஆக்ஸில் ஹவுசிங்கையும் பிரிச்சு, டிஃபரன்ஷியலோட பெரிய பல்சக்கரமான கிரவுன்ல ஒரு பல்லுல சாக்பீஸ் கோடு போட்டு வரிசையா எண்ணச் சொன்னாரு. "எதுக்குண்ணே, ஒரே வண்டி சாமான்தானே"ன்னு கேட்டேன். "தம்பி, நடுவுல எவனாவது பின்னாடி மட்டும் கிரவுன் மாத்தியிருந்தா என்ன பண்ணுவ, எண்ணு"ன்னாரு. பின்னாடி கிரவுன்ல 39, அதைச் சுத்துற சின்னப் பல்சக்கரமான பினியன்ல 8, முன்னாடியும் அதே. அதாவது 4.88. பழைய ஜீப்புகள்ல 43க்கு 8, அதாவது 5.38 ரேஷியோவும் உண்டு. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு மாறிப் போச்சுன்னா ஃபோர் வீல் போட்ட உடனே முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு எதையாவது ஒடைச்சிட்டுத்தான் விடும். டயரும் இதே கணக்குதான், முன்னாடி புதுசு பின்னாடி வழுக்கைன்னு ஓட்டாதீங்க, நாலையும் மாத்தி மாத்திப் போட்டு ஒண்ணா தேய விடுங்க.

மாட்டுறது கூட சீக்கிரம் முடிஞ்சிருச்சு, ட்ரான்ஸ்ஃபர்லேருந்து ஆக்ஸிலுக்குப் போற புரொப்பல்லர் ஷாஃப்ட்தான் உயிரை எடுத்துச்சு. ரெண்டு ஷாஃப்டும் நீளம் மாத்தி லேத்துல வெட்டி ஒட்டணும். ஒட்டிக் கொடுத்ததை மாட்டி ஓட்டுனா 50-க்கு மேல வண்டி பூராவும் அதிருது, கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி ரெண்டா தெரியுது. கழட்டிப் பாத்தா ஷாஃப்டோட ரெண்டு முனையில இருக்குற யோக்கும் (கிராஸ் மாட்டுற கவை) ஒரே நேர்ல இல்ல, கொஞ்சம் திரும்பி ஒட்டியிருக்காங்க. வேற பட்டறையில அதை நேராக்கி பேலன்ஸ் பண்ணி வாங்குனதுக்கப்புறம்தான் அதிர்வு நின்னுச்சு. சைலன்சர் பைப்பை வளைச்சது, ஃப்ளோர்ல ட்ரான்ஸ்ஃபரோட ரெண்டு லீவருக்கும் ஓட்டை போட்டது, பிரேக் ஹோஸ், கூலின்னு எல்லாம் சேர்த்து அப்பவே ரெண்டு லட்சத்தை ஒட்டி வந்துருச்சு.

சரி, ஓட்டுறதுக்கு எப்படின்னா, நான் இதுல காசு கொடுத்து வாங்குனது நாலு சக்கர இழுவைன்னு நினைச்சேன், ஆனா தினமும் உதவுறது லோ கியர்தான். ட்ரான்ஸ்ஃபர்ல லோ போட்டா வேகம் கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு கொறஞ்சு, இழுவை அந்தளவுக்குக் கூடும். ஏத்தத்துல கிளட்ச்சை அரைகுறையா மிதிச்சு கருக்க வேண்டியதில்ல. அதை விட எறக்கம். முன்னெல்லாம் மூட்டையும் ஆளுமா ஸ்டோருக்கு எறங்குறப்ப ஈர மண்ணுல பிரேக்கைத் தொட்டாலே பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி குறுக்கால போகும், வயித்தைக் கலக்கும். இப்போ லோ ஃபர்ஸ்ட்ல விட்டுட்டு காலை எடுத்துட்டா என்ஜினே நாலு சக்கரத்தையும் பிடிச்சுக்கிட்டு நடக்குற வேகத்துல எறக்கி விடும். பின்னாடி உக்காந்து வர்ற அக்காமாரு இப்பல்லாம் எறக்கத்துல பேச்சை நிறுத்துறதே இல்ல.

நாலு சக்கரமும் இழுக்கும்ங்கிறதையும் முழுசா நம்பிடாதீங்க. ரெண்டு டிஃபரன்ஷியலும் சாதா ஓப்பன் டைப், முன்னாடி ஒரு சக்கரமும் பின்னாடி எதிர்ப்பக்கம் ஒரு சக்கரமும் பிடி இல்லாமப் போச்சுன்னா அந்த ரெண்டும் சும்மா சுத்தும், மத்த ரெண்டும் வேடிக்கை பாக்கும். அங்க மண்வெட்டியும் கல்லும்தான் உதவும். கட்டி கட்டியா பட்டன் வச்ச நல்ல டயர் போட்டதுல வந்த வித்தியாசமே பாதி இருக்கும்னு சொல்வேன், ஃபோர் வீலுக்கு முன்னாடி அதைப் போட்டுப் பாருங்க, பல பேருக்கு அதோட வேலை முடிஞ்சிரும்.

கெட்டதும் இருக்கு. வண்டி ஒடிஞ்சு திரும்புறது கொறஞ்சு போச்சு, முன் ஆக்ஸிலுக்குள்ள, சக்கரம் திரும்புனாலும் இழுவை போகுறதுக்கு, கிராஸ் ஜாயின்ட் இருக்குறதால பழைய மாதிரி முழுசா ஒடிக்க விடாது, தோட்டத்து வளைவுல ஒரே மூச்சுல திரும்புன எடத்துல இப்ப ரிவர்ஸ் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கு. டீசலும் கொஞ்சம் கூடுதலா குடிக்குது. தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம ஃபோர் வீலை எடுத்துடணும், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாத சிஸ்டம் இது, ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும். மறந்து வளைவுல ஒடிச்சீங்கன்னா ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகும், லீவரும் மாட்டிக்கிட்டு வராது, அப்போ அதை அடிச்சு இழுக்காம வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுத்தா தானா விடும். முன் சக்கரத்தை ஆக்ஸில்லேருந்து விடுவிக்கிற ஃப்ரீ வீல் ஹப் போட்டிருக்கோம், வெயில் காலத்துல திறந்து விட்டுருவோம், மழை சீசன்ல பூட்டியே கெடக்கும், சேத்துல எறங்கி அதை எவன் திருகுறது.

ஆயில் விஷயத்துல ஒண்ணு. பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபருக்கும் நடுவுல இருக்குற சீல் போச்சுன்னா வெளிய ஒரு சொட்டு கூட ஒழுகாது, ஆனா பாக்ஸ்ல ஆயில் கொறையும், ட்ரான்ஸ்ஃபர்ல ஏறும். வண்டிக்கு அடியில சுத்தமா இருக்குன்னு ஏமாந்துடாம ரெண்டு லெவல் பிளக்கையும் கழட்டிப் பாருங்க. ட்ரான்ஸ்ஃபர் பிளக்கைத் திறந்ததும் 90 நம்பர் கியர் ஆயில் கொட்டுச்சுன்னா அதான் நோய்.

இப்போ புதுசா பண்ண நினைக்கிறவங்க முதல்ல ஆர்டிஓ பக்கம் யோசிங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி கொடுத்த, ஆர்சியில ஏறியிருக்குற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. எங்களுது அதுக்கு முன்னாடியே பண்ணுனது, இன்னைக்கு நிலைமையில இன்சூரன்ஸ் க்ளைம், ஆர்சி ரினிவல் எல்லாத்துக்கும் இது வந்து நிக்கும். கம்பெனி ஃபோர் வீலாவே விட்ட பழைய தார், பொலிரோ கேம்பர் எதாவது நல்லதா கெடைச்சா, ரெண்டு லட்சத்தை அதுல சேர்த்துப் போட்டுருங்க.

எங்க வண்டிக்கு அடுத்த மழைக்கு முன்னாடி முன் ஆக்ஸில் கிராஸ் ரெண்டையும் மாத்தணும், இடது பக்கம் முழுசா ஒடிச்சா டக் டக்னு சத்தம் வர ஆரம்பிச்சிருக்கு.