கேம்பர் வானின் டிஷ் கேபிள்: பலகையைக் கழற்றிய பிறகு

கனடாவில் இருக்கும் மச்சான் ஊரில் ஒரு ஹையேஸ் வான் வாங்கி, உள்ளே கட்டில், அலுமாரி போட்டுத் தங்கும் கேம்பர் வான் ஆக்கப் போகிறாராம். "உங்கட வானில டிஷ் ஒழுங்கா வேலை செய்யுதோ" என்று கேட்டார். இப்போது வடிவாகச் செய்கிறது. ஆனால் பட்ட கரைச்சலைச் சொல்லாமல் வெறும் ஓம் என்று பதில் போட மனம் வரவில்லை.

வானைக் கட்டித் தந்தவர்களின் தச்சு வேலையில் குறையே இல்லை. கட்டில், அலுமாரி, மடக்கு மேசை எதுவும் எங்கள் றோட்டுக் குலுக்கலுக்கு அசையவில்லை. ஒரு வயர் கூட வெளியே தெரியாது, எல்லாம் பலகைக்குப் பின்னால். ஏறிப் பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் புகழ்வார்கள்.

பிறகு சனல்களில் ஒரு பகுதி மட்டும் காணாமல் போகத் தொடங்கியது. மழை என்றார்கள். மார்கழி மழைக்கு சிக்னல் விழுவது உண்மைதான், ஆனால் மழை விட்டால் திரும்பி வந்துவிடும். எங்களுக்கோ கசூரினாக் கடற்கரையில் வெட்ட வெயிலில் நிற்கும்போதும் அம்மாவின் சீரியல் வரும் சனல் இல்லை, அடுத்த சனல் பளிச்சென்று ஓடுகிறது. மரம் மறைக்கிறது என்றார் இன்னொருவர். 93.5 பாகை கிழக்கில் நிற்கும் எங்கள் செயற்கைக்கோள் ஜிசாட்-15 யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் தென்கிழக்கே ஏறத்தாழ 70 பாகை உயரத்தில் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நிற்கிற பனை அதை எப்படி மறைக்கும்?

விஷயம் இதுதான். ரெசிவர் படம் வரும் அதே கேபிள் வழியாகத்தான் எல்என்பிக்கு, அதாவது டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் சின்னப் பெட்டிக்கு, கரண்டும் அனுப்புகிறது. சனல்கள் அலை அசையும் திசைப்படி இரண்டு பகுதியாக வருகின்றன. 13 வோல்ற் போனால் செங்குத்துத் துருவச் சனல்கள், 18 போனால் கிடைத் துருவச் சனல்கள். அந்த 18 வோல்ற் கேபிளில் போகும் வழியில் குறைந்துபோனால் எல்என்பி மாறாமல் செங்குத்திலேயே நின்றுவிடும், மற்றப் பகுதி போச்சு. மல்டிமீற்றரை எல்என்பியில் இருந்து கழற்றிய நுனியில் வைத்தால் நல்ல பிள்ளையாக 18 காட்டும். எல்என்பியைப் பூட்டி, அது கரண்ட் இழுக்கும்போது அளந்தால்தான் வண்டவாளம் தெரியும். எங்களுடையது அப்படி அளந்தபோதுதான் பிடிபட்டது.

சரி, கேபிளை உருவி எடுத்துப் புதியதைக் கோர்க்கலாம் என்றால் அது அசையவே இல்லை. பைப் போடவில்லை. சட்டத்தோடு கிளிப் அடித்து, மேலே ஃபோம் வேறு ஊற்றியிருக்கிறார்கள். அலுமாரியைக் கழற்றி, பலகையையும் கழற்றின பிறகு பார்த்தால் நடுவில் ஒரு ஜொயின்ட்! இரண்டு துண்டுக் கேபிளின் கம்பியை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. ரேப்பைப் பிரித்தபோது பசை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, உள்ளே கம்பிப் பின்னல் கறுத்து, நடுக்கம்பி துருப்பிடித்துக் கையோடு ஒடிந்தது. காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. செம்பு பூசிய இரும்புக் கம்பி. இவ்வளவு சின்னத் தூரத்துக்கு அது தாங்கும்தான், ஆனால் கூரையில் துளைத்த ஓட்டையில் ரப்பரும் இல்லாமல், சிலிக்கனும் விட்டுப்போய், பண்ணைப் பாலத்து உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் நேராக ஜொயின்டில் இறங்கினால் என்ன நடக்கும்? ஜொயின்ட் போட்டதைக் கூட மன்னிக்கலாம். அதைக் கையே எட்டாத இடத்தில் மூடி வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவர்தான் பொறுமையாக மாற்றித் தந்தார். முழுச் செம்புக் கம்பி உள்ள ஆர்ஜி-6 டிஷ் கேபிள், ஒரே துண்டு, அலுமாரி மூலையோடு பிளாஸ்ரிக் பைப்புக்குள். வளைவுகளை மடிக்காமல் அகலமாக விட்டார். கூரை ஓட்டையில் கேபிளை இறுக்கி மூடும் ரப்பர் கிளான்ட், அதற்கு வெளியே தண்ணீர் சொட்டி விழ ஒரு தொங்கல். பைப்புக்குள் ஒரு நைலோன் நூலும் கிடக்கிறது, அடுத்த முறை அதில் கட்டி இழுத்தால் போதும். கேபிளின் விலை ஒன்றுமே இல்லை, காசெல்லாம் கழற்றிப் பூட்டின கூலிக்குத்தான் போனது.

இப்போது எல்லாச் சனலும் வருகிறது, குறிகட்டுவான் இறங்குதுறையில் நிறுத்தினாலும் படம் கண்ணாடி மாதிரி. வான் எனக்கு உயிர். ஆனாலும் மச்சான், அந்த இடத்தில் கட்டக் கொடுக்க வேண்டாம். வேறு எங்கே கொடுத்தாலும், பலகை அடிக்க முன்னம் ஒவ்வொரு சுவரையும் ஃபோனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மாட்டோம் என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.