கொழிஞ்சாம்பாறையில் அத்தைக்குக் கரண்ட் வைத்தியம்

இந்த முறை மெல்போர்னில் இருந்து ஊருக்குப் போனதே அத்தைக்காகத்தான். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. பிசியோதெரபிக்கு இரண்டு இடங்களுக்குக் கூட்டிப்போனேன்.

முதலில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிளினிக். மணிக்கட்டில் கரண்ட் பாயும் பேடு ஒட்டி மெஷினை ஓடவிட்டார்கள். பெல் அடித்ததும் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். விரலை மடக்கச் சொல்லக்கூட ஆளில்லை. கட்டணம் போகட்டும், அந்த நேரம் வீணானதுதான் எனக்கு ஆற்றவில்லை.

ஏனென்றால் தோல் வழியாக நரம்பைத் தூண்டும்போது வேலை கையோடு நிற்பதில்லை. அந்த உணர்வு தண்டுவடம் ஏறி மூளையின் உணர்வுப் பகுதிக்குப் போய், ஒட்டியிருக்கும் இயக்கப் பகுதியையும் எழுப்புகிறது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருப்பவர்களின் மணிக்கட்டில் அல்நார் நரம்பை (சுண்டுவிரல் பக்கமாக ஓடுவது) 2 மணி நேரம் தூண்டினார்கள். பிறகு தலையில் காந்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தபோது, கைத்தசை முன்னைவிடப் பலமாகத் துடித்தது. ஆனால் கரண்டை நிறுத்திய 8 முதல் 20 நிமிடத்துக்குள் அந்த வேகம் அடங்கிவிட்டது. அதற்குள் பயிற்சி செய்ய வைக்க வேண்டாமா? அத்தை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரவே அவ்வளவு நேரம் ஆகும்!

அப்புறம் கேரள எல்லை தாண்டி கொழிஞ்சாம்பாறையில் விசாரித்தோம். அங்கே பிசியோதெரபி பார்ப்பவர் மலையாளப் பெண், எங்கள் ஊர்த் தமிழிலேயே பேசினார். பேஸ்மேக்கர் இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்ட பிறகுதான் பேடைத் தொட்டார். வெறும் சுருசுருப்போடு நிறுத்தாமல், தசை லேசாகத் துடிக்கும் அளவுக்கு ஏற்றினார். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் இதையே சொல்கிறார்கள்: தசை துடிக்கும் அளவில் இயக்கப் பகுதி கிளர்கிறது, உணர்வு மட்டும் தெரியும் அளவில் சில சமயம் மந்தமாகிறது. "கரண்ட் ஓடும்போதே டம்ளரைப் புடிங்கம்மா" என்றார். பேடைக் கழற்றியதும் பொத்தான் போடுவது, தட்டில் பயறு பொறுக்குவது என்று விடவே இல்லை. அத்தை முனகிக்கொண்டே செய்தார்.

வீட்டில் செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதியும் கொடுத்தார். கை முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. உங்கள் வீட்டுப் பெரியவரைக் கூட்டிப்போனால், பேடு ஒட்டும் முன்பே கேளுங்கள்: கரண்ட் முடிந்ததும் என்ன பயிற்சி, யார் கூட நின்று செய்ய வைப்பார்கள் என்று.