பேரலல் என்று சொல்லி சீரீஸ் பெட்டியைத் தலையில் கட்டினார்: கையால் செய்த வேப் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

இரண்டு 18650 செல் (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி) போடும் மரப்பெட்டி வேப் (மின்சிகரெட்) ஒன்றை, வீட்டிலேயே செய்து விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். போனது பணம் மட்டும் என்றால் பேசாமல் விட்டிருப்பேன். அந்தப் பெட்டி என் கையிலேயே தீப்பிடித்திருக்கும். இதே ஆளிடம் வாங்கிய பெட்டிகள் இன்னும் எத்தனையோ பேர் கையில் இருக்கின்றன. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்பே கேட்டேன்: "செல் ரெண்டும் பேரலல்தானே?" "ஆமாண்ணா, பேரலல்தான். சார்ஜ் ரொம்ப நேரம் நிக்கும்" என்றார். நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. பேரலல் என்றால் செல்கள் பக்கத்தில் பக்கத்தில் இணைந்து, ஒரு செல்லின் வோல்ட்தான் வரும்; சீரீஸ் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து, வோல்ட் இரட்டிப்பாகும். என் காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) 0.25 ஓம். அதில் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவே கூடாது. பெட்டி கைக்கு வந்ததும், ஒரு செல்லை மேல்நோக்கியும் மற்றதைக் கீழ்நோக்கியும் போடச் சொல்லி உள்ளே குறி போட்டிருந்தது. அது பெரும்பாலும் சீரீஸின் அடையாளம். உடனே மறுபடியும் கேட்டேன். "உள்ளே ஒயரைக் குறுக்கே மாத்தி விட்டிருக்கேண்ணா, பயப்படாதீங்க" என்றார். அப்படியும் செய்யலாம்தான், அதனால் நம்பிவிட்டேன். பேச்சை நம்பாமல் மல்டிமீட்டரை எடுத்திருக்க வேண்டும்.

புதுக் காயில் கட்டினால், திரவத்தை உறிஞ்சும் பஞ்சு வைப்பதற்கு முன் பட்டனை லேசாக அழுத்தி, கம்பி சீராகச் சிவக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அன்றைக்கு அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. பட்டனைத் தொட்ட மாத்திரத்தில் கம்பி சிவக்கவில்லை, வெள்ளையாகப் பளிச்சிட்டது. விரலை எடுத்துவிட்டேன். அப்புறமும் அது அணையவில்லை! துணியைச் சுற்றி, மேலே இருந்த அடோமைசரை (காயில் உள்ள தலைப்பகுதி) மரை கழற்றிப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. இரண்டு விரலில் கொப்புளம். மூடியைத் திறந்து செல்லைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. பஞ்சும் திரவமும் வைத்து வாயருகே கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

சூடு ஆறியபின் மல்டிமீட்டரை வைத்தேன். 8.3 வோல்ட். சந்தேகமே இல்லாத சீரீஸ்.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிது என்று ஒரு கணக்கில் சொல்லிவிடுகிறேன். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட். பேரலலில் இரண்டு சேர்ந்தாலும் அதே 4.2 தான். 0.25 ஓமில் 16.8 ஆம்பியர் ஓடும், அதை இரண்டு செல்லும் ஆளுக்குப் பாதியாக 8.4 ஆம்பியர் சுமக்கும். காயிலில் சுமார் 70 வாட். சீரீஸில் வோல்ட் கூடி 8.4 ஆகிறது. அதே காயிலில் 33.6 ஆம்பியர், சுமார் 282 வாட். நடைமுறையில் செல்லின் உள்தடையால் இது கொஞ்சம் குறையும், ஆனால் ஆபத்து குறையாது. ஏனென்றால் சீரீஸில் சுமையைப் பங்கு போட ஆள் கிடையாது. 33.6 ஆம்பியர் முழுவதும் ஒவ்வொரு செல்லின் வழியாகவும் போயாக வேண்டும். காயில் அதேதான், செல்லும் அதேதான், ஒரு செல் தாங்க வேண்டிய மின்னோட்டம் மட்டும் நாலு மடங்கு. நல்ல 18650 செல்களே தொடர்ந்து 20 முதல் 30 ஆம்பியர் வரைதான் தாங்கும். சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 இரண்டுக்கும் 20 தான்.

பெட்டியைப் பிரித்தேன். பட்டனை விட்ட பிறகும் ஏன் எரிந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த மாதிரிப் பெட்டிகளில் மின்னோட்டத்தை முறித்துச் சேர்ப்பது மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச். அதை இயக்கும் கேட் காலிலிருந்து சோர்ஸ் காலுக்கு ஒரு சின்ன மின்தடை வைப்பார்கள், 15 கிலோ ஓம் மாதிரி. பட்டனை விட்டதும் கேட்டில் தேங்கிய மின்னூட்டம் அதன் வழியாக வடிந்தால்தான் மாஸ்ஃபெட் அணையும். அந்த மின்தடையே அதில் இல்லை. காசு பெறாத ஒரு துண்டு, அதைக் கூட வைக்க மனமில்லை. ஃபியூஸ் இல்லை. செல் வெடித்தால் வாயு வெளியேற ஒரு துளை கூட இல்லை. காது ஒலிபெருக்கிக்குப் போடும் அளவுக்கு மெல்லிய ஒயர், அதன் உறை ஓரிடத்தில் உருகி மரத்தோடு ஒட்டியிருந்தது.

செல்களும் அவர் கொடுத்தவைதான். உறையில் 3,000 மில்லி ஆம்பியர் மணி, 40 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. உறையை உரித்தால் இரண்டு முனைகளிலும் வெல்டிங் புள்ளிகள். ஏதோ பழைய பேட்டரித் தொகுப்பிலிருந்து பிய்த்து எடுத்து, புது உறை போட்டிருக்கிறார். சோதிக்கும் சார்ஜரில் போட்டபோது ஒன்று 1,180, மற்றது 960 காட்டியது. பழசும் நோஞ்சானுமான இந்த இரண்டின் வழியாகத்தான் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கச் சொல்லியிருக்கிறார்.

படங்களோடு அவருக்கு அனுப்பினேன். முதல் பதில்: "சீரீஸ்னா பவர் கூடத்தானேண்ணா, புகை நல்லா வருமே." பேரலல் என்று ஏன் சொன்னாய் தம்பி என்று கேட்டதற்கு, நான் காயிலைத் தப்பாகக் கட்டினேன் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னைத் தடை செய்துவிட்டார். பணம் போகட்டும். தான் செய்தது எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்கு இன்னமும் புரியவில்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

மிகைப்படுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2018 மே மாதம் ஃப்ளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சஸிலும் வேப் வெடித்து இடத்துக்கு ஒரு உயிர் போயிருக்கிறது.

அதற்காக பேரலல் என்றால் பயமில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். சீரீஸில் ஒரு செல்லைத் தலைகீழாகப் போட்டால் ஒன்றின் வோல்ட்டை மற்றது அடித்துவிடும், பெட்டி சும்மா கிடக்கும். பேரலலில் அதே தவறைச் செய்தால், பட்டனைத் தொடாமலேயே இரண்டு செல்லும் நேரே ஷார்ட் ஆகும். ஒன்று முழு சார்ஜ், மற்றது காலி என்று சேர்த்துப் போட்டாலும், நிறைந்தது காலிக்குள் கட்டுப்பாடின்றிப் பாயும். எந்த இணைப்பானாலும் ஒரே மாதிரி, ஒரே வயது, சேர்ந்தே சார்ஜ் ஆன ஜோடி செல்தான் போட வேண்டும். வாட் அமைக்கும் போர்டு (மின்சுற்றுப் பலகை) உள்ள பெட்டியில் கதை வேறு. அதில் 100 வாட் என்று வைத்தால், சீரீஸோ பேரலலோ, ஒவ்வொரு செல்லும் சுமக்கும் பங்கு ஏறக்குறைய ஒன்றுதான். நான் சொல்வதெல்லாம் போர்டு இல்லாத, செல்லையும் காயிலையும் நேரே கோர்க்கும் பெட்டிகளைப் பற்றி.

அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், அடுத்த முறை பட்டனை அழுத்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அடோமைசரைக் கழற்றிவிடுங்கள். குறி போட்டபடி ஒரே ஒரு செல்லை மட்டும் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை அடோமைசர் மாட்டும் இடத்தின் நடு ஊசியிலும் மற்றதைச் சுற்று மரையிலும் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். 4 வோல்ட் பக்கம் காட்டினால் பேரலல். ஒன்றுமே காட்டாமல், இரண்டாவது செல்லையும் போட்டபின் 8 பக்கம் ஏறினால் சீரீஸ். பேரலல் என்று சொல்லி விற்ற பெட்டி 8 காட்டினால், செல்களை வெளியே எடுத்து, முனைகளில் டேப் ஒட்டித் தனித்தனியாக வையுங்கள். குப்பையில் போடாமல் பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுங்கள். என்னுடையவற்றை நேற்றுத்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.