வெளிச்சுவர் சென்சாரும் ஸ்மார்ட் கன்ட்ரோலரும்: மூன்று குளிர்காலம் கழித்து

போன வாரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து ஒரு நண்பர் அழைத்தார். "அண்ணா, வெளி சென்சார் வாங்கிட்டேன். வயரை பாய்லர்ல கொடுக்கணுமா, கன்ட்ரோலர்ல கொடுக்கணுமா?" இதற்கு விடை தெரிய எனக்கு ஒரு குளிர்காலமே போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீரைச் சூடாக்கிக் குழாய்களில் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குவது பாய்லர். எப்போது, எவ்வளவு சூடு வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஸ்மார்ட் கன்ட்ரோலர். வெளியே எவ்வளவு குளிர் என்று அளந்து சொல்வது வெளி சென்சார்.

பாய்லரில்தான். என் கன்ட்ரோலரில் சென்சாருக்கென்று முனையே கிடையாது. பாய்லரிலிருந்து வரும் ஓபன்தெர்ம் (பாய்லரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் முறை) இரட்டை வயர் வழியாகத்தான் வெளி வெப்பநிலை அதற்குத் தெரியும். சென்சார் மிக எளிய பொருள், வெப்பநிலைக்கு ஏற்ப அதன் மின்தடை மாறும், அவ்வளவுதான். என்னுடையது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும், 0 டிகிரியில் 32 சொச்சம். எந்த வயர் எந்த முனை என்ற கவலையும் இல்லை. உங்கள் பாய்லருக்குச் சொல்லப்பட்ட வகையையே வாங்குங்கள். 230 வோல்ட் கேபிளை ஒட்டி அந்த வயரை இழுக்க வேண்டாம். பாய்லர் மூடியைத் திறக்க கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவு) பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

பொருத்த வந்தவர், வயர் தூரம் குறைவு என்று தென்மேற்குச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். மார்ச் மாத மதிய வெயில் நேராக அதன்மேல் விழும். வெளியே 9 டிகிரிதான், சென்சார் 20 என்று சொல்லும். பாய்லர் அதை நம்பி வெந்நீரின் சூட்டைக் குறைக்கும். சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் நானே வடக்குச் சுவருக்கு மாற்றினேன், தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில், ஜன்னலும் பாய்லர் புகைக்குழாயும் பக்கத்தில் இல்லாத இடத்தில்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. என் சுவரில் 2 டிகிரி இருக்கும்போது கன்ட்ரோலரின் செயலி 6 என்று காட்டியது. இணையத்தில் கிடைக்கும் ஊர் வானிலையை வைத்தே கன்ட்ரோலர் கணக்குப் போடுகிறது. சுவரில் இருக்கும் சென்சாரின் அளவு, பொருத்துபவருக்கான பக்கத்தில் சும்மா ஓர் எண்ணாகக் கிடக்கிறது. பாய்லரோ, சென்சார் மாட்டியதும் தன் சொந்த ஹீட்டிங் கர்வை, அதாவது வெளியே எவ்வளவு குளிருக்கு எவ்வளவு சூடான நீர் என்ற கணக்கை, பிடித்துக்கொண்டு கன்ட்ரோலர் கேட்கும் சூட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. தயாரிப்பாளருக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

கடைசியில் கன்ட்ரோலரின் வானிலைக் கணக்கை அணைத்துவிட்டு, கர்வை பாய்லரிடமே விட்டேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை கர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன், படுக்கையறை குளிர ஆரம்பிக்கும்வரை. பிறகு ஒரு படி ஏற்றினேன். அதன்பின் வீடு மாறிப்போனது. முன்பு 70 டிகிரி வெந்நீர் வந்து, நின்று, மறுபடி வரும், குழாய்கள் படபடக்கும். இப்போது வெளியே 5 டிகிரி என்றால் 43 டிகிரி நீர் நாள் முழுக்க மெதுவாக ஓடுகிறது. திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருப்பதால் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, அந்தச் சூடும் வீட்டுக்கே வருகிறது. ரேடியேட்டரில் கைவைத்தால் வெதுவெதுப்புதான், ஆனால் எந்த அறையிலும் குளிர் இல்லை.

இவ்வளவு சுகம் கண்டும், அந்தக் கன்ட்ரோலரை மறுபடி வாங்க மாட்டேன். அது இப்போது நேர அட்டவணை மட்டும்தான் பார்க்கிறது. நண்பரிடம் சென்சாரை வடக்குச் சுவரில் மாட்டி பாய்லரோடு இணைக்கச் சொன்னேன். கன்ட்ரோலரை ஒரு குளிர்காலம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.