மியாசிஸ் விளக்கும் மணிக்கோவைப் பெட்டி: ஒரு மதிப்புரை

செல் பிரிதலை வகுப்பில் விளக்குவதற்காக விற்கப்படும் இந்த மாதிரிப் பெட்டியில், மரபுப்பொருளைத் தாங்கும் குரோமோசோம்களுக்காக, தந்தைவழிக்கு நீலமும் தாய்வழிக்குச் சிவப்புமாக மணிச்சரங்களும், இரட்டித்த குரோமோசோமின் இரு இழைகளையும் பிணைக்கும் சென்ட்ரோமியருக்குப் பதிலாகச் சிறு காந்தங்களும் இருக்கின்றன. ஒத்த குரோமோசோம்கள் (தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமான சோடி) உடல்செல்கள் பெருகும் மைட்டாசிஸில் பொதுவாக இணை சேர்வதில்லை, இனச்செல்களை உருவாக்கும் மியாசிஸின் முதல் பிரிவில்தான் சேர்கின்றன என்ற வேறுபாட்டை மாணவர் தம் கையாலேயே நகர்த்திப் பார்த்து உணர முடிவது இதன் பெரிய பலம்.

ஒத்த குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றத்தைக் காட்டும் விதம் மிக அருமை. இணையாகக் கிடத்திய நான்கு குரோமாட்டிடுகளில் (இரட்டித்த குரோமோசோம்களின் இழைகளில்), அருகருகே உள்ள ஒரு நீலச் சரத்தையும் ஒரு சிவப்புச் சரத்தையும் ஒரே இடத்தில் கழற்றி நுனிகளை மாற்றிக் கோத்தால், கலப்புச் சரங்கள் இரண்டும் மாறாதவை இரண்டும் கண்ணெதிரே கிடக்கின்றன. கரும்பலகையில் எத்தனை படம் வரைந்தாலும் இந்தத் தெளிவு கிடைக்காது.

ஆனால், அதற்கு முன்பு நிகழ வேண்டிய இணைசேர்தல் மேம்போக்காக முடிந்துவிடுவது வருத்தம் தருகிறது. மியாசிஸின் தொடக்கக் கட்டங்களுள் ஒன்றான சைகோட்டீன் நிலையில் உருவாகத் தொடங்கி, இரு குரோமோசோம்களையும் ஜிப்பைப் போல் நெடுகப் பிணைக்கும் சினாப்டோனீமல் அமைப்பு 1956-இலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காணப்பட்டுவிட்டது. அதைக் காட்ட ஒரு பட்டைகூட இல்லை, கையேட்டிலும் ஒரு வரி இல்லை. மனிதரின் 23 இணைகளுள், ஆண்களின் பாலினக் குரோமோசோம்களான எக்ஸும் ஒய்யும் நுனிப்பகுதிகளில் மட்டுமே பொருந்துவதை விளக்க, நீளம் வேறுபட்ட ஒரு சோடியாவது தந்திருக்க வேண்டும். காந்தங்கள் வலுவானவை என்பதால், ஒத்த குரோமோசோம்கள் எதிர்முனைகளுக்கு விலகும் முதல் அனாஃபேஸில், ஒரே குரோமோசோமின் சகோதரிக் குரோமாட்டிடுகள் பிரியாமல் ஒன்றாகவே நகர்வது சரியாக அமைகிறது. பள்ளிக்குத் தயங்காமல் வாங்கலாம். கல்லூரி ஆய்வகத்துக்கு இது போதாது.