தந்தம், வெள்ளி, வளையம்: மூன்று பழைய பாக்கெட் சூரியக் கடிகாரங்கள்

தோட்டத்தில் நட்டுவைத்த சூரியக் கடிகாரத்துக்கு ஊர் மாறும் கவலை கிடையாது. பையில் போட்டுக்கொண்டு போகிற கடிகாரத்துக்கு இரண்டு சிக்கல்: வடக்கு எது, இந்த ஊரின் அட்சரேகை என்ன? பழைய ஐரோப்பியக் கருவிகளில் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடும் மூன்று வகைகளை இந்த இரண்டு கேள்விகளை வைத்தே எடைபோடலாம்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் செய்த தந்த மடிப்புக் கடிகாரம் முதலாவது. சிறு புத்தகம் போலத் திறக்கும் இரண்டு தந்தப் பலகைகள். செங்குத்தாகத் திறந்ததும் நடுவே ஒரு நூல் இழுபட்டு நிற்கும், அதன் நிழல்தான் மணி. நூலை மாட்டப் பல துளைகள் உண்டு, ஊருக்கு ஏற்ற துளையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வடக்கைக் காட்டக் கீழ்ப்பலகையில் காந்த ஊசி. சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணும் இத்தாலிய மணி, உதயத்திலிருந்து எண்ணும் பாபிலோனிய மணி என்று கூடுதல் முகப்புகளும் இருக்கும். டூஹர் குடும்பத்தின் பாம்பு, ரைன்மனின் கிரீடம் போன்ற முத்திரைகள் செய்தவரைக் காட்டிக்கொடுக்கும். பார்க்க இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தந்தம். இந்தியாவில் அதன் வணிகமே தடைசெய்யப்பட்டது, அதனால் நமக்கு இது அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால்தான்.

இரண்டாவது, பாரிஸில் கடை நடத்திய ஆங்கிலேயர் மைக்கேல் பட்டர்ஃபீல்டு (இறப்பு 1724) பெயரில் வழங்கும் வகை. வெள்ளியிலோ பித்தளையிலோ செய்த சிறு எண்கோணத் தகடு, மடக்கி வைக்கும் நிழல்முள். முள்ளின் ஓரத்தில் ஒரு பறவை. அதன் அலகு அட்சரேகை எண்ணைத் தொடும்படி முள்ளைச் சாய்த்தால் ஊருக்குத் தயார். தகட்டில் வெவ்வேறு அட்சரேகைகளுக்கு மூன்று நான்கு மணி வரிசைகள், பின்புறம் நகரங்களின் பட்டியல். சட்டைப் பைக்கு இதைவிட வசதியானது இல்லை. பொதுவாக 40 முதல் 60 டிகிரி வரைதான் அளவுகோல். 13 டிகிரியில் இருக்கும் சென்னையில் அந்தப் பறவைக்கு வேலையே இல்லை.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் காந்த ஊசி. அது உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை, விலகலும் காலத்தோடு மாறுகிறது. லண்டனில் 1580 வாக்கில் கிழக்கே சுமார் 11 டிகிரி, 1660க்குச் சற்று முன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே சுமார் 24. அந்த அட்சரேகையில் 10 டிகிரி தப்பினால் நண்பகலில் இருபது, முப்பது நிமிடம் பிசகும். இதற்காகவே பல கருவிகளில் ஊசிக் கிண்ணத்துக்குள் விலகலைக் கோடாகப் பொறித்தார்கள். இன்று அந்தக் கோடு கருவியின் வயதைக் கணிக்க உதவுகிறது. பயன்படுத்தியவருக்குத் தலைவலி, ஆராய்பவருக்கு லாபம்!

மூன்றாவதற்கு ஊசியே வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கணிதவியலாளர் வில்லியம் ஆட்ரெட் வடிவமைத்து, லண்டனில் இலயாஸ் ஆலன் செய்த வளையக் கடிகாரம் இது. ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் இரண்டு வளையங்கள், குறுக்கே ஒரு பட்டை. தொங்கும் கொக்கியை அட்சரேகைக்கு நகர்த்தி, நடுப்பட்டையின் துளையைத் தேதிக்கு நகர்த்தி, உள்வளையத்தை விரித்துத் தொங்கவிட வேண்டும். மெல்லத் திருப்பினால் துளை வழியே வரும் ஒளிப்புள்ளி உள்வளையத்தின் நடுக்கோட்டில் விழும். அங்கே மணி தெரியும், வடக்கும் கூடவே கிடைத்துவிடும். நண்பகலை ஒட்டி வெளிவளையமே வெயிலை மறைத்துவிடுவது குறைதான். காலையா மாலையா என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் மணி பார்ப்பதற்கென்றால் நான் இதைத்தான் எடுப்பேன், சென்னையிலும் ஓடும்.

அப்புறம், விலைக்கு வாங்குபவர்களுக்கு ஒரு சோதனை. பட்டர்ஃபீல்டு கையொப்பத்தை மட்டும் நம்ப வேண்டாம், மணிக்கோடுகளைப் பாருங்கள். வளையத்தில் மணிக்கு 15 டிகிரி என்று சம இடைவெளி இருப்பது சரி. பட்டர்ஃபீல்டு போல் கிடைமட்டமாக வைக்கும் தகட்டில் அப்படி இருக்கவே கூடாது: 12ஐ ஒட்டி நெருங்கியும் 6ஐ நோக்கி விலகியும் போக வேண்டும். 49 டிகிரி வரிசையில் 11க்கும் 12க்கும் இடையே 11 டிகிரி சொச்சம்தான் வரும். அங்கேயும் 15 இருந்தால், அது மேசை அலங்காரத்துக்குச் செய்த பொருள்.